கேன் கேரியரின் பிளானட்டரி கியர் பாக்ஸ்: ஆலையிலேயே பிரிக்கலாமா, எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

மில்ஹவுஸ்_பராமரிப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அரவைப் பருவம் முடிந்து ஆலை நின்றிருப்பதால், கரும்பை அரவைக்கு ஏற்றிச் செல்லும் கேன் கேரியரை இயக்கும் பிளானட்டரி கியர் பாக்ஸை இந்த இடைவெளியில் முழுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஹெலிக்கல், வார்ம் வகைகளை எங்கள் ஃபிட்டர்களே பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டி வருகிறார்கள். பிளானட்டரி வகையை மட்டும் யாரும் இதுவரை திறந்ததில்லை. தயாரிப்பாளரின் பணிமனைக்கு அனுப்பினால் அடுத்த அரவை தொடங்குவதற்குள் திரும்பி வருமா என்ற ஐயம் நிர்வாகத்திற்கு இருக்கிறது.

விவரம் இது. மோட்டார் 1,480 ஆர்பிஎம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி மூலம் இயங்குகிறது. கியர் பாக்ஸ் மூன்று கட்டங்கள் கொண்டது, மொத்த விகிதம் 202.5. கையேட்டின்படி முதல் கட்டத்தில் நடுவில் உள்ள சன் கியருக்கு 16 பற்கள், சுற்றிலும் உள்ள ரிங் கியருக்கு 92. இரண்டாம் கட்டத்தில் 18, 90. மூன்றாம் கட்டத்தில் 18, 72. ஒவ்வொரு கட்டத்திலும் இவ்விரண்டுக்கும் இடையே மூன்று பிளானட் கியர்கள். வெளியீட்டுப் பக்கம் ஹாலோ ஷாஃப்ட். அது கேன் கேரியரின் ஹெட் ஷாஃப்டில் ஷ்ரிங்க் டிஸ்க் என்ற இறுக்கு வளையம் கொண்டு இறுக்கப்பட்டு, பெட்டி சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்மால் தாங்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது கையேடு குறிப்பிடும் விஜி 320 தடிமன் தர மினரல் ஆயில்.

பருவத்தின் கடைசி மாதத்தில், இரும்புத் துகளை ஈர்த்து வைக்கும் மேக்னடிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது வழக்கமான கரும் பசையுடன் பளபளக்கும் செதில்களும் இருந்தன. சில செதில்கள் கடுகில் பாதி அளவு இருந்தன. எண்ணெய் லேசாகக் கலங்கியிருக்கிறது, வெளியீட்டு ஆயில் சீலில் கசிவும் உண்டு. கரும்பு அதிகமாக விழும்போது அடித்தொண்டையிலிருந்து எழுவது போன்ற ஓசை கேட்கிறது. மோட்டாரைக் கழற்றிய பிறகு முதல் கட்ட சன் கியரைக் கையால் அசைத்தால் மேலும் கீழும் தெளிவாக ஆடுகிறது. இது தேய்மானமா? எந்த வரிசையில் பிரிப்பது, பிளானட் பேரிங்குகள் அனைத்தையும் மாற்ற வேண்டுமா, ஷ்ரிங்க் டிஸ்க் துருவேறி இறுகியிருக்கும் நிலையில் அதை எப்படிக் கழற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கியர்பட்டறை_கோவை (பதில்):

ஆலையிலேயே பிரிக்கலாம். ஆனால் சக்கைத் தூசு பறக்காத, கதவை மூடிக்கொள்ளக்கூடிய ஓர் அறையும், செயின் பிளாக், ஹைட்ராலிக் பிரஸ், இண்டக்ஷன் ஹீட்டர், டார்க் ரெஞ்ச், டயல் கேஜ், மைக்ரோமீட்டர் ஆகியவையும் வேண்டும். பிரஸ்ஸும் ஹீட்டரும் இல்லையென்றால் பிரித்து ஆய்வு செய்வதோடு நிறுத்திக்கொண்டு, பூட்டும் வேலையை வெளியே கொடுப்பதே சரி. காஸ் டார்ச்சால் சூடேற்றிப் பேரிங் ஏற்றும் பழக்கம் உங்கள் ஆலையில் இருந்தால் இந்த வேலையில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

முதலில் சன் கியரைப் பற்றி. அது ஆடத்தான் வேண்டும். பெரும்பாலான தொழிற்சாலை வகைகளில் சன் கியருக்குத் தனிப் பேரிங் கிடையாது. ஸ்ப்லைன் (ஷாஃப்டின் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) வழியாகச் சுழற்சியைப் பெற்றுக்கொண்டு, மூன்று பிளானட் கியர்களின் நடுவே மிதந்துகொண்டிருக்கும். பிளானட்கள் உருளும் அச்சுகளான பிளானட் பின்களின் இடத்தில் சில நூறில் ஒரு மில்லிமீட்டர் பிழை இருந்தாலும், சன் கியர் தானே சற்று நகர்ந்து, மூன்று பிளானட்களும் சமமாகச் சுமக்கும் இடத்தில் நின்றுகொள்கிறது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போன்றதுதான் இது. அதை ஆடாமல் பிடித்து வைத்தால்தான் ஒரே பிளானட் முழுச் சுமையையும் வாங்கும். ஆகவே ஆட்டத்தைப் பார்த்துச் சன் கியரை மாற்ற வேண்டாம். பார்க்க வேண்டியவை அதன் ஸ்ப்லைன் பற்களில் படிக்கட்டு போன்ற தேய்மானம் இருக்கிறதா, அதை நீளவாக்கில் நிறுத்தும் த்ரஸ்ட் பிளேட்டோ சர்க்ளிப்போ சரியாக இருக்கிறதா என்பவை மட்டுமே.

வேலையைத் தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுவீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட எளிதில் மறக்கப்படுவது சாய்வான கேன் கேரியரின் செயின். கியர் பாக்ஸ் கழன்றவுடன் ஹெட் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. செயினின் எடை ஷாஃப்டைப் பின்னோக்கிச் சுழற்றிவிடும். செயினைக் கட்டமைப்போடு சேர்த்துக் கட்டி, சுமை முழுவதும் கட்டின் மேல் வந்ததை உறுதி செய்த பின்னரே டார்க் ஆர்ம் பின்னைத் தட்டுங்கள்.

ஷ்ரிங்க் டிஸ்க் போல்ட்டுகளில் எதையும் ஒரே மூச்சில் முழுமையாகக் கழற்றக் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் அழுத்தம் ஒரு பக்கமாக விடுபட்டால் வளையம் துள்ளி வரும், ஆளைக் காயப்படுத்தும். போல்ட்டுகளை அடுத்தடுத்த வரிசையில், ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி, பல சுற்றுகள் செல்ல வேண்டும். எல்லாம் தளர்ந்த பிறகும் வளையங்கள் பிரியாவிட்டால், இரண்டு பாக வகையில் அதற்கென்றே மரையிட்ட துளைகள் இருக்கும். சில போல்ட்டுகளை எடுத்து அந்தத் துளைகளில் சமமாக முறுக்கினால் கூம்புப் பரப்பு விட்டுவிடும். துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊற விடுங்கள். ஹாலோ ஷாஃப்ட் ஹெட் ஷாஃப்டில் பிடித்திருந்தால் கியர் பாக்ஸின் உடலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஹெட் ஷாஃப்டின் முகத்தில் ஜாக்கை ஊன்றி, ஹாலோ ஷாஃப்டின் முகத்தையே இழுத்து வெளியே எடுக்க வேண்டும். ரிங் கியர் ஃபிளேஞ்சில் கொக்கி மாட்டி இழுத்தால் அத்தனை விசையும் வெளியீட்டு டேப்பர் பேரிங்குகளின் உருளைகள் வழியாகப் போகும்.

எண்ணெயைக் கியர் பாக்ஸ் சூடாக இருக்கும்போது வடிப்பதே முறை. ஆலை நின்று நாளாகியிருந்தால் சற்று நேரம் சுமையின்றி ஓட்டிவிட்டு வடியுங்கள். வடியும்போது நடுப்பகுதியில் ஒரு சுத்தமான புட்டியில் மாதிரி எடுத்துக்கொண்டு, மீதியை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். துணியில் தங்குவதையும் பிளக்கில் ஒட்டியிருப்பதையும் தூக்கி எறியாமல் தாளில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கும் அறையில் கியர் பாக்ஸை வெளியீட்டு முனை கீழே, மோட்டார் முனை மேலே இருக்குமாறு செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்துப் பிரித்தால், பிளானட்களைத் தாங்கிச் சுழலும் பிளானட் கேரியர் ஒவ்வொன்றும் வெளியே வரும் தறுவாயில் சாய்ந்து, பற்கள் பற்களின் மேல் உட்காரும். செங்குத்தாக நிறுத்தினால் செயின் பிளாக்கில் நேராக மேலே தூக்கி எடுக்கலாம். பிரிக்குமுன், மேலிருந்து கீழ்வரை எல்லா ஃபிளேஞ்சுகளின் மேலும் ஒரே நேர்க்கோட்டில் பன்ச் அடையாளம் இடுங்கள். பெயின்ட் கோடு மட்டும் போதாது. டீசலில் கழுவியதும் போய்விடும். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்தவுடன் பிளானட்களுக்கும் அவற்றின் பின்களுக்கும் பிளானட் கேரியரின் துளைகளுக்கும் ஒரே எண்ணை எலெக்ட்ரிக் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பற்களின் மேலோ பேரிங் ஓடும் பரப்பிலோ எழுதக் கூடாது. ஓடிப் பழகிய ஜோடிகள் இடம் மாறினால், பழைய தேய்மானத்தின் மேல் புதிய தேய்மானம் உண்டாகும்.

பின்களைப் பிரஸ்ஸில் தள்ளுமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பல வடிவமைப்புகளில் பிளானட் கேரியரின் பக்கவாட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங் பின் உள்ளே சென்று பிளானட் பின்னைப் பூட்டியிருக்கும். அதன் தலை எண்ணெய்க் கசடில் மறைந்து, வெறும் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். அதைப் பிளானட் பின்னின் நடுத்துளைக்குள் முழுமையாக இறக்கிவிட்ட பிறகே பிரஸ் போட வேண்டும். இல்லையென்றால் அது வெட்டுப்பட்டு, கேரியரின் துளையில் நீளமாகக் கோடு கிழித்துவிடும். அந்தக் கேரியரைப் பிறகு கடையில்தான் வாங்க வேண்டும். பிளானட்டின் உள்ளே கூடு இல்லாத முழு உருளைப் பேரிங் இருந்தால், பின் வெளியேறிய கணமே உருளைகள் கொட்டும். தட்டின் மேல் வைத்து எடுங்கள், எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிளானட்டின் உருளைகளை இன்னொன்றோடு கலக்காதீர்கள்.

கழுவுவதற்கு டீசலோ மண்ணெண்ணெயோ போதும். துடைப்பதற்கு மட்டும் காட்டன் வேஸ்ட் வேண்டாம்; அதன் நூல் எண்ணெய்த் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். நூல் பிரியாத துணியைப் பயன்படுத்துங்கள். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழல விட்டு உலர்த்துவதையும் தவிர்க்க வேண்டும்.

அதிர்வு_ஆய்வாளர் (பதில்):

மேலே கூறியவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் அடுத்த பருவத்திலாவது, பிரிக்கும் முடிவை எடுப்பதற்கு முன் அதிர்வை அளந்து வைத்துக்கொண்டால், எந்தக் கட்டத்தில் கோளாறு என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். உங்கள் பற்களின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடலாம். ரிங் கியர் நிலையாக இருக்கும்போது ஒரு கட்டத்தின் விகிதம், ரிங் பற்களைச் சன் பற்களால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும். அதன்படி 6.75, 6, 5. பெருக்கினால் உங்கள் 202.5 வருகிறது. 1,480 ஆர்பிஎம்மில் முதல் கட்டப் பிளானட் கேரியர் ஏறத்தாழ 219, இரண்டாவது 36.5, மூன்றாவது 7.3 ஆர்பிஎம்மில் சுழலும். பற்கள் இணையும் அதிர்வெண் என்பது ரிங் பற்களின் எண்ணிக்கையைக் கேரியரின் வினாடிச் சுழற்சியால் பெருக்கிய தொகை. முதல் கட்டத்திற்கு 336 ஹெர்ட்ஸ், இரண்டாவதற்கு 55 ஹெர்ட்ஸ் அளவில், மூன்றாவதற்கு 8.8 ஹெர்ட்ஸ் அளவில் வரும். சன் கியரின் வேகத்தையே பற்களால் பெருக்கி 395 ஹெர்ட்ஸில் தேடுவோர் உண்டு. சன் கியரோடு சேர்ந்து பிளானட்களும் நகர்ந்துகொண்டிருப்பதால் அங்கே எதுவும் கிடைக்காது.

இந்த எண்களிலிருந்தே ஓர் எல்லையும் தெரிகிறது. மூன்றாம் கட்டத்தின் பிளானட் கேரியர் ஒரு முறை சுற்றுவதற்கு எட்டு வினாடிக்கு மேல் ஆகிறது. அதன் பிளானட்கள் தம் பின்களின் மேல் நிமிடத்திற்கு இருபது சுற்றுக்கும் குறைவாகவே உருள்கின்றன. சாதாரண ஆக்ஸிலரோமீட்டரைச் சில வினாடிகள் வைத்து எடுக்கும் பதிவில் இந்தப் பேரிங்குகளின் சேதம் தெரியாது. நிமிடக் கணக்கில் பதிவு செய்தாலும், முதல் கட்டத்தின் ஓசை அதை மூடிவிடும். விஎஃப்டி வேகத்தைக் குறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால் அதிர்வு அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மூன்றாம் கட்டத்திற்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். இந்த இடத்தில் உங்கள் மேக்னடிக் பிளக்தான் என் கருவியைவிட நம்பத்தக்கது. பளபளக்கும் தட்டையான செதில்கள், அதுவும் கண்ணுக்குத் தெரியும் அளவில் வருவது, பேரிங் பரப்போ பல்லின் பரப்போ உரியத் தொடங்கியதன் அடையாளம். பார்க்க வேண்டிய முதல் இடம் கடைசிக் கட்டத்தின் பிளானட் பின்கள் என்பது என் ஊகம்.

லூப்_ஆய்வகம் (பதில்):

கலங்கிய எண்ணெய் என்றால் தண்ணீர். மில்ஹவுஸில் அது வரும் வழி பெரும்பாலும் பெட்டிக்குள் காற்று போய்வரும் பிரீதர்தான். ஓடும்போது சூடாகி வெளியேறிய காற்று, நின்றபின் குளிரும்போது ஈரத்தோடு திரும்ப உள்ளே வருகிறது. பிரீதரைச் சக்கைத் துகள் அடைத்துக்கொண்டால் அந்த உறிஞ்சல் ஆயில் சீலின் உதட்டு வழியாக நடக்கும். தரை கழுவும் தண்ணீரும் அப்போது அதே வழியில் நுழைகிறது. உட்புறத்தில் அழுத்தம் கூடும்போது அதே சீல் கசியவும் செய்யும். உங்கள் கசிவுக்கும் கலங்கலுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். ஈரம் உறிஞ்சும் வகைப் பிரீதரைக் குழாய் வைத்து உயரத்தில் பொருத்துங்கள். அதன் நிறம் மாறும்போது மாற்றுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

எண்ணெயின் தரத்தைப் பொறுத்தவரை, கையேடு விஜி 320 என்று சொல்லியிருந்தால் அதிலேயே இருங்கள். கடைசிக் கட்டம் மிக மெதுவாக ஓடுவதால் எண்ணெய்ப் படலம் இயல்பாகவே மெல்லியது. இன்னும் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் உலோகம் உலோகத்தைத் தொடும். மிகத் தடித்ததை ஊற்றினாலோ முதல் கட்டம் அதைக் கலக்கிக் கலக்கிச் சூடாக்கும். சிந்தெட்டிக்குக்கு மாறுவதாக இருந்தால் பிஏஓ (பாலிஆல்ஃபாஓலிஃபின்) வகை மினரலோடு ஒத்துப்போகும். பிஏஜி (பாலிஆல்கைலீன் கிளைக்கால்) வகை ஒத்துப்போகாது, உள்ளே மிச்சமிருக்கும் மினரல் ஆயிலோடு சேர்ந்து கெட்டியாகலாம். எண்ணெயின் வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி செல்சியஸ் கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பதையும், அளவுக்கு மேல் ஊற்றுவதே சூடேறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் என்பதையும் ஃபிட்டர்களிடம் கூறிவையுங்கள்.

மில்ஹவுஸ்_பராமரிப்பு (கேட்டவரின் தொடர்ச்சி):

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மூன்று கட்டங்களையும் பிரித்துவிட்டோம். அதிர்வு ஆய்வாளர் ஊகித்தது அப்படியே இருந்தது. முதல் இரண்டு கட்டங்களின் பேரிங்குகளில் குறிப்பிடத்தக்க சேதமில்லை. மூன்றாம் கட்டத்தில் பேரிங்குக்கு உள்வளையம் தனியாக இல்லை. உருளைகள் நேரடியாகப் பின்னின் மேல் ஓடுகின்றன. மூன்று பின்களில் இரண்டில், ஒரே பக்கத்தில், விரல் நகம் அளவுக்குப் பரப்பு உரிந்து குழியாகியிருக்கிறது. மூன்றாவது பின்னில் குழி இல்லை, அதே பக்கத்தில் மங்கலான பட்டை மட்டும் தெரிகிறது. மறுபக்கம் மூன்றிலும் புதிது போலவே இருக்கிறது. பிளானட் கியர்களின் பற்களில் இரு பக்கமும் தேய்ந்த தடம் இருப்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. சன் கியரில் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு இடையிலான ஸ்ப்லைனில் செந்நிறப் பொடி படிந்திருக்கிறது. ஆயில் சீல் ஓடும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. புதிய பின்கள் வர நாளாகும் என்கிறார்கள். பின்களை அரைச் சுற்று திருப்பிப் போட்டு ஒரு பருவம் ஓட்டலாமா என்று மேலாளர் கேட்கிறார்.

மூத்த_ஃபிட்டர் (பதில்):

திருப்பிப் போடலாம் தம்பி. பிளானட் பின்னின் மேல் விசை எப்போதும் ஒரே திசையில்தான் வரும், மறுபக்கம் சும்மாவே இருக்கும். நான் பணியில் இருந்த ஆலையில் அரவையின் நடுவே இப்படித் திருப்பிப் போட்டு, பருவம் முடியும்வரை ஓட்டியிருக்கிறோம். புதுப்பொருள் வரும்வரை ஆலையை நிறுத்தி வைக்க எந்த நிர்வாகம் சம்மதிக்கும்?

கியர்பட்டறை_கோவை (பதில்):

ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். சன் கியர் தள்ளும் விசையும் ரிங் கியரின் எதிர்விசையும் பிளானட்டின் மேல் ஒரே பக்கமாகச் சேர்கின்றன. அந்தக் கூட்டுத்தொகை பின்னின் ஒரே பக்கத்தில்தான் இறங்கும். கேன் கேரியர் பின்னோக்கி ஓடுவது அரிது என்பதால் மறுபக்கம் புதிதாகவே இருக்கும். பிளானட் பற்கள் இரு பக்கமும் தேய்வதும் இதனால்தான்: ஒரு முகம் சன் கியரோடும் மறுமுகம் ரிங் கியரோடும் உராய்கிறது. பல்லின் அடிப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரு திசைகளிலும் வளைவதால், வடிவமைப்பின்போதே இதற்கு அனுமதிக்கும் வளைவுத் தகைவை ஏறத்தாழ எழுபது விழுக்காடாகக் குறைத்துக் கணக்கிடுவார்கள். ஆகவே பிளானட் பற்களின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊடுருவும் சோதனை செய்துவிட்டே திரும்பப் பூட்டுங்கள்.

மங்கலான பட்டை மட்டும் உள்ள அந்த மூன்றாவது பின்னை, அவசரத்திற்கு, திருப்பிப் போடலாம் என்று ஒப்புக்கொள்ளலாம். குழி விழுந்த இரண்டையும் திருப்பிப் போடக் கூடாது. இங்கே பின்னே உருளைகளின் ஓடுபாதை. குழியை விசையில்லாத பக்கம் திருப்பினாலும், உருளைகள் ஒவ்வொரு சுற்றிலும் அதன் விளிம்பைத் தட்டிக்கொண்டே போகும்; விளிம்பு தொடர்ந்து உதிர்ந்து, அந்தச் செதில்கள் எல்லாக் கட்டங்களுக்கும் எண்ணெயோடு பரவும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பின்னில் உள்ள எண்ணெய்த் துளை விசையில்லாத பக்கத்தில் திறக்குமாறு வைக்கப்பட்டிருக்கும். அரைச் சுற்று திருப்பினால் துளை விசையின் நேர்கீழே வந்து, எண்ணெய் வரும் வழி அழுந்துவதோடு துளையின் விளிம்பிலிருந்தே அடுத்த உரிதல் தொடங்கும். ஸ்பிரிங் பின்னின் துளையும் அப்போது சரியாக நேர்ப்படாமல் போகலாம். ஐயா குறிப்பிட்ட ஆலையில் அது ஓடியிருக்கும். அரவையின் நடுவே நின்றுபோன ஆலைக்கு அது சரியான முடிவாகவும் இருந்திருக்கும். இவர்களுக்கோ இன்னும் அவகாசம் இருக்கிறது.

உள்ளூரில் செய்வதானால், ஈஎன் 8 எனும் நடுத்தரக் கார்பன் எஃகுக் கம்பியில் கடைந்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மேற்பரப்பில் கார்பன் ஏற்றி (கார்புரைஸ் செய்து), 58 முதல் 62 ராக்வெல் சி வரை கடினமாக்கி, கிரைண்டிங் முடித்த பின்னாக இருக்க வேண்டும். கடினப் படலத்தின் ஆழத்துக்கும் சான்று கேளுங்கள். மூன்றையும் ஒன்றாகச் செய்து, மூன்று பிளானட்களுக்கும் உருளைகளை ஒரே தொகுப்பாகப் புதிதாகப் போடுங்கள். உருளைகள் நேரடியாகப் பிளானட்டின் உள்துளையிலும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் துளையின் பரப்பையும் போர் கேஜால் அளந்து, தழும்பு இருந்தால் பிளானட்களையும் தொகுப்பாகவே மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், பற்களின் கனம் மற்ற இரண்டிலிருந்தும் வேறுபடுவதால் அந்தப் புதியதே அதிகச் சுமையை ஏற்கும். முதல் இரண்டு கட்டங்களின் பேரிங்குகள் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும், இவ்வளவு செதில்கள் சுற்றிவந்த எண்ணெயில் ஓடியவை. அவற்றையும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. பெட்டியைத் திறந்த செலவோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை பெரிதல்ல.

ஸ்ப்லைனில் உள்ள செந்நிறப் பொடி, இறுக்கமான பரப்புகள் நுண்ணளவில் உரசுவதால் வரும் இரும்புத் துரு. எண்ணெய் அந்த இடத்தை எட்டவில்லை என்பது அதன் பொருள். பொடியை நீக்கிப் பற்களின் கனத்தை அளந்து, படிக்கட்டு விழாதிருந்தால் அப்படியே போடலாம். ரிங் கியரை மட்டும் எமரியோ கல்லோ போட்டுத் தேய்க்க விடாதீர்கள். நைட்ரைடு செய்த ரிங் கியராக இருந்தால் கடினப் படலம் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பளபளப்பாக்குகிறோம் என்று அதையே எடுத்துவிடுவார்கள். ஆயில் சீல் பள்ளத்துக்கு, மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது சீலின் உதடு வேறிடத்தில் ஓடுமாறு ஷிம் வைத்துச் சற்று நகர்த்தலாம்.

பூட்டும்போது பேரிங்குகளை 110 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம். இண்டக்ஷன் ஹீட்டரிலிருந்து எடுத்ததும் காந்தத் தன்மையை நீக்கிவிட்டே ஏற்றுங்கள். இல்லையென்றால் உதிரும் இரும்புத் துகளையெல்லாம் பேரிங்கே இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியீட்டு டேப்பர் பேரிங்குகளின் முன்னிறுக்கத்தை, சீல் போடுமுன், ஹப்பைச் சுற்றிக் கயிறு கட்டி ஸ்பிரிங் தராசால் சீராக இழுத்து, கையேட்டின் அளவோடு ஒப்பிட்டு ஷிம் சரிசெய்யுங்கள். ஃபிளேஞ்ச் போல்ட்டுகள் 10.9 தரமாக இருந்தால் 10.9 தரத்திலேயே புதிதாகப் போடுங்கள். எம் 16 அளவுக்கு ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் வரும் என்றாலும், கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. ரிங் கியர் சுழலாமல் நிற்பது பெரும்பாலும் இந்த போல்ட்டுகள் உண்டாக்கும் உராய்வால்தான். ஓ ரிங், ஆயில் சீல், சர்க்ளிப் ஆகியவற்றில் பழையது எதையும் மீண்டும் போடாதீர்கள். ஒவ்வொரு கட்டம் பூட்டியதும் மேலே தெரியும் சன் கியரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஏதாவதோர் இடத்தில் தடை தெரிந்தால், அடுத்த கட்டத்தை ஏற்றாமல், மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.

ஷ்ரிங்க் டிஸ்கைத் திரும்பப் போடும்போது ஹெட் ஷாஃப்டும் ஹாலோ ஷாஃப்டின் உட்பரப்பும் எண்ணெய்ப் பசையே இல்லாமல், கரைப்பான் கொண்டு துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். கிரீஸ் வேண்டிய இடங்கள் டிஸ்கின் கூம்புப் பரப்பும் போல்ட் மரையும் மட்டுமே. எல்லா இடத்திலும் தாராளமாகக் கிரீஸ் பூசிப் பழகிய கைகளை இந்த இடத்தில் தடுத்து நிறுத்துங்கள். இங்கே முறுக்குவிசையைக் கடத்துவது உராய்வு ஒன்றே.

லூப்_ஆய்வகம் (பதில்):

ஒரு சிறு சேர்க்கை. பூட்டியபின் புதிய எண்ணெயை ஊற்றி, சுமையின்றி ஓட்டி, வெப்பம் நிலைபெறும்வரை கவனியுங்கள். கையேட்டில் வேறு அளவு இல்லையென்றால், அரவை தொடங்கியபின் 300 முதல் 500 மணி நேரத்திற்குள் முதல் எண்ணெய் மாற்றத்தைச் செய்துவிடுங்கள். பொருந்தும் காலத்தில் உதிர்ந்தவையும் கழுவும்போது எட்டாத மூலைகளில் தங்கியவையும் அதில் வெளியேறும். மேக்னடிக் பிளக்கை முதல் வாரத்தில் தினமும், பிறகு வாரம் ஒரு முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அரவை தொடங்க இன்னும் காலமிருந்தால், பூட்டிய கியர் பாக்ஸைப் பாதி எண்ணெயோடு அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். எண்ணெய்க்கு மேலே உள்ள பற்களிலும் பேரிங்குகளிலும் மழைக்கால ஈரம் துருவாகப் படியும். பிரீதர் துளையை அடைத்து, மேல்வரை எண்ணெய் நிரப்பி வைத்து, ஓட்டுவதற்கு முன் அளவுக்கு வடித்துவிடுங்கள். நிரப்ப இயலாவிட்டால், வாரந்தோறும் மோட்டார் பக்கமிருந்து, மூன்றாம் கட்டப் பிளானட் கேரியர் ஒரு முழுச் சுற்றாவது வரும்வரை சுழற்ற வேண்டும். உங்கள் விகிதத்தில் அது மோட்டார் ஷாஃப்டில் 203 சுற்றுகள், ஆகவே கையால் சுழற்றுவதைவிட விஎஃப்டியைக் குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டிவிடுவது எளிது.